மூன்று மீட்டர் தெரிந்தால் போதும்

டைவிங் கடைக்காரர்கள் சொல்வதைப் பார்கவி ஒருநாளும் நம்பியதில்லை. கோவாவிலிருந்து அந்தமான் வரை எவனைக் கேட்டாலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது மேடம் என்பான். ஜூலையில் மழை கொட்டித் தீர்த்து, ஆறுகளெல்லாம் சேற்றை வாரிக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் அதே கண்ணாடிதான். அதனால் அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். தண்ணீர் எப்படி என்று கேட்பதே இல்லை. நேற்று எடுத்த வீடியோ ஒன்று அனுப்புங்கள், பாட்டுச் சேர்க்காமல், நிறம் கூட்டாமல், என்பாள். வீடியோ வந்ததும், முன்னால் நீந்திப் போகிறவன் காலில் மாட்டியிருக்கும் துடுப்பு எந்த நொடியில் மங்கி மறைகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இத்தனை மீட்டர்தான் தெரிகிறது என்று தன் கம்ப்யூட்டர் ஷீட்டில் குறித்துக்கொள்வாள். ஒரு கடைக்காரன் இருபது மீட்டர் என்று சத்தியம் செய்த இடத்துக்கு அவள் போட்டது ஆறு.

புனேவின் ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் பகலெல்லாம் ஷீட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவள், பக்கத்தில் வாக்கட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்தும் ஷீட்டோடுதான் உட்காருவாள் என்று அவள் கணவன் நிர்மல் கேலி செய்வான். ஆனால் ஒன்பது குளிர்காலம் அந்த ஷீட் அவர்களை ஏமாற்றியதில்லை. நேத்ராணித் தீவு என்றால் டிசம்பர் கடைசி, காற்று அடங்கியிருந்தால் பன்னிரண்டு மீட்டர். அந்தமான் என்றால் பிப்ரவரி, அதற்கு முன்னால் போனால் மழை கெடுத்துவிடும். மால்வண் புனேவிலிருந்து காரிலேயே போய்விடக் கூடிய தூரம்தான், ஆனால் ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் இருப்பதால் சில நாட்களில் மூன்று மீட்டர் தெரிந்தாலே பெரிது. அந்த வரிசைக்கு அவள் சிவப்பு நிறம் அடித்து வைத்திருந்தாள்.

இன்னொரு சூட்சுமமும் அவளிடம் இருந்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீரோட்டம் பலமாக இருக்கும், அடியிலிருக்கும் மணலைக் கிளப்பிவிடும். நிலா பாதியாக நிற்கும் நாட்களில்தான் கடல் அடங்கும். அந்த நாட்களைக் கண்டுபிடிக்க அவள் எந்த ஆப்பையும் நாடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் அஷ்டமி, நவமி எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். ஊர் உலகம் எந்த இரண்டு நாளில் பயணம் கிளம்பாதோ, அந்த இரண்டு நாளைத் தேடிப் பிடித்து டிக்கெட் போடுவாள். பொள்ளாச்சியில் இருக்கும் மாமியாருக்கு இது தெரிந்த நாளிலிருந்து, ஒவ்வொரு மார்கழியிலும் போனில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நவமியில் வீட்டைவிட்டு யாராவது கிளம்புவார்களா என்று அவர் கேட்பார். கடலுக்கு நவமிதான் நல்ல நாள் அத்தை என்று இவள் சொல்வாள். நிர்மல் போனை வாங்கி, எதற்கும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறோம் என்று அம்மாவைச் சமாதானம் செய்வான்.

இந்த வருடம் அந்தப் பஞ்சாயத்தில் பார்கவிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நிர்மலின் கண் விஷயம் பொள்ளாச்சிக்கு இன்னும் தெரியாது.

நிர்மலுக்குப் புனேவை அடுத்த சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. பெயின்ட் அடித்து முடித்த கார் உடல்கள் வரிசையாக ஒரு வெளிச்சக் கூண்டுக்குள் வரும். இரண்டு பக்கமும் ட்யூப்லைட் எரியும். தலைமயிர் அளவு கீறல், கடுகளவு புள்ளி எது இருந்தாலும் பார்த்துக் குறி போட வேண்டும். பதினாலு வருடம் அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி வெளியே போனதில்லை என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஏப்ரலிலிருந்து தப்ப ஆரம்பித்தது. முதலில் கதவின் கீழ் ஓரம், பிறகு பின்பக்க மூலை. மே மாதம், பார்த்துப் பழகிய போசரி சாலையில், பைக்கைக் கொண்டுபோய்த் தடுப்புச் சுவரில் விட்டான். சுவர் எங்கிருந்தோ வந்தது என்றான்.

ஜூனில் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கே விளக்குப் புள்ளி மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். பார்கவி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிகள் மின்னிக்கொண்டே இருந்தன. அவன் கை அசையாமல் இருந்தது. நடுவில் ஒன்று மின்னும்போது மட்டும் பொத்தான் சத்தம் கேட்டது. அச்சடித்து வந்த தாளில் நடுவே சின்ன வெள்ளை வட்டம், சுற்றிலும் கறுப்பு. ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும் நோய், பிறவியிலேயே உள்ளுக்குள் இருந்திருக்கிறது, மருந்து கிடையாது, எவ்வளவு வேகத்தில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

டைவிங் போகலாமா என்று அங்கேயே கேட்டவள் பார்கவிதான். டாக்டருக்குக் கொஞ்சம் ஆச்சரியம். யோசித்துவிட்டு, பட்டப்பகலில், வெளிச்சம் இருக்கும் ஆழத்தில், பக்கத்தில் ஆளோடு, இந்த ஒரு சீசனுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அடுத்த வருடத்தைப் பற்றிக் கேட்டதற்குத் தாளை மடித்துக் கொடுத்தார்.

அன்றைக்கே பார்கவி முடிவு செய்துவிட்டாள். இது கடைசிக் குளிர்காலம் என்றால் இந்தியாவிலேயே தெளிந்த தண்ணீர் எதுவோ அதில் இவன் இறங்க வேண்டும். அந்த வட்டம் இன்னும் சுருங்குவதற்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். ஆறு மாதம் பேய் பிடித்தவள் மாதிரி அலைந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லட்சத்தீவின் கவரத்திக்குப் போன், கம்பெனி காரில் வரும்போது அந்தமானின் ஹேவ்லாக்குக்குப் போன். வீடியோ அனுப்பாதவர்களோடு சண்டை. அனுப்பியவர்களோடும் சண்டை. கடைசியில் லட்சத்தீவிலிருந்து ஒருவர் அனுப்பிய வீடியோவில், முன்னால் போகிறவரின் துடுப்பு மறையவே இல்லை. அவர் திரும்பிக் கையசைத்தார். அவருக்குப் பின்னால் ஆமை ஒன்று, அதற்கும் பின்னால் பவளப் பாறை, அதற்கும் பின்னால் நீலம். முப்பது மீட்டர் என்று ஷீட்டில் போட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் அந்த எண்ணைப் போட்டதே இல்லை. ஜனவரி மூன்றாவது வாரம், நவமி. தீவில் இறங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதற்கு வேண்டிய காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

வீடியோவை நிர்மலிடம் காட்டினாள். அவன் போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். இடது பக்கம் நகர்த்தினான், வலது பக்கம் நகர்த்தினான். நல்லாருக்குது என்றான். இந்த ஆறு மாதத்தில் அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருந்தான். பெயின்ட் லைனிலிருந்து எடுத்து ரிப்போர்ட் எழுதும் மேசையில் போட்டபோதும் சரி என்றான். பைக்கை விற்றபோதும் சரி என்றான். ஒத்துக்கொள்கிற மனிதனிடம் என்ன கேட்பது என்று பார்கவிக்குத் தெரியவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்ற பயமும் இருந்தது. அவளுக்கு வேலை இருந்தது, அது வசதியாகப் போயிற்று.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, நீச்சல் குளத்தில் ஒத்திகை. கற்றுக்கொடுத்தவர் கிறிஸ்டோபர், தூத்துக்குடிக்காரர். கப்பற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றபின் புனேயிலேயே தங்கிவிட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் முதன்முதலில் தண்ணீருக்கடியில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். டாக்டரின் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, முதலில் குளத்தில் இறங்கிக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தார்.

காலை எட்டு மணிக்குக் குளத்து நீர் ஐஸாகக் குளிர்ந்தது. ஒரு தூசும் இல்லாத தெளிந்த நீர். அடியில் உட்கார்ந்தால் இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் சுவரின் ஓடுகளை எண்ணலாம். கடலுக்கடியில் யாரும் தனியாகப் போவதில்லை. ஜோடியாகத்தான் போக வேண்டும், நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை ஜோடி எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருடமாக நிர்மலின் ஜோடி பார்கவி. அவன் இடது தோளுக்கு ஒரு கை தூரத்தில் அவள் இருப்பாள் என்பது அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அடியில் இறங்கி நாலு மூச்சு விட்டபின் நிர்மல் இடது பக்கம் திரும்பினான். பார்கவி கையசைத்தாள். அவன் பார்வை அவளுக்கு மேலே போய்விட்டது. கொஞ்சம் கீழே வந்தது, அவளுக்குக் கீழே போய்விட்டது. இன்னும் திரும்பினான். முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் அங்கேயேதான் இருந்தாள், கை நீட்டினால் தொடும் தூரத்தில். மாஸ்க்குக்குள் அவன் கண்கள் அகலத் திறந்து, எதிர்ச் சுவரையும் மேற்பரப்பையும் தரையையும் துழாவின. அவன் விட்ட குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே ஓடின. அவள் அவன் கையைப் பிடிக்கப் போவதற்குள் அவன் கட்டை விரலைத் தூக்கி, மேலே போகிறேன் என்று யாரிடமோ சைகை காட்டிவிட்டு ஏறிவிட்டான்.

நிர்மல் உடை மாற்றப் போனபின் கிறிஸ்டோபர் அவளிடம் வந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. சார் இறங்கலாம். ஆனா இனி பாக்கிறது கிடையாது, பிடிக்கிறதுதான். மொத்த நேரமும் அவர் கைய நீங்க பிடிச்சிருக்கணும். விட்டீங்கன்னா நான் சம்மதிக்க மாட்டேன்."

பார்கவி தலையாட்டினாள். அவள் மனம் அப்போதும் ஷீட்டில்தான் இருந்தது. குளத்திலேயே இப்படியென்றால், கலங்கிய கடலில் என்ன ஆவது? லட்சத்தீவேதான் சரி, முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் குறையக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு கெட்டிக்காரிக்கு அந்த நேரத்தில் தோன்றியது அதுதான்.

காரில் உட்கார்ந்ததும் அனுமதிச் சீட்டு விண்ணப்பத்தைப் போனில் திறந்து, அவன் போட்டோ ஒன்று வேண்டும் என்றாள். நிர்மல் தலையைத் துவட்டிய துண்டை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான்.

"பார்கவி, நாம மால்வணுக்கே போயிறலாம்."

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறு மாதம் தான் பட்ட பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தச் சேற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது, உள்ளங்கை ரேகைகூடத் தெரியாது, இருக்கிற ஒரு சீசனையும் அதில் கொண்டுபோய்க் கொட்டுவதா என்று கேட்டாள். அப்போதுதான் இருக்கிற ஒரு சீசன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது. ஜூனிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சொல்லாமல் காத்த வார்த்தை அது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

நிர்மல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தான்.

"கோவப்படாமக் கேளு. இப்ப குளத்துல, அக்கட்ட சுவத்துல இருக்கற டைல்ஸ் எனக்குத் தெரிஞ்சுது. பக்கத்துல இருந்த நீ தெரியல. தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குதோ, அவ்வளவுக்கு என்ற கண்ணுல என்னெல்லாம் இல்லீன்னு எனக்குத் தெரியுது. முப்பது மீட்டர் தண்ணியில எல்லாரும் முப்பது மீட்டரு பாப்பாங்க. நான் ஒரு குழாய்க்குள்ள பாத்துட்டிருப்பேன். நீயும் மீனப் பாக்க மாட்ட. நான் பாக்கறனா பாக்கறனான்னு என்னையவே பாத்துட்டிருப்ப."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மால்வண்ல மூணு மீட்டர்தான். அங்க யாருக்கும் ஒண்ணியும் தெரியாது. உனக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவ எல்லாத்த மாதிரியும் நானும் இருந்துக்கறேன்."

பார்கவி வண்டியைக் கிளப்பினாள். சிக்னலில் நின்றபோது கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவள் தெளிந்த தண்ணீர் தேடியது அவனுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவன் அந்த ஆமையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைத் தான் பார்க்க வேண்டும், அதைக் காலம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் அலைந்திருக்கிறாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் உள்ள கடைக்காரனையெல்லாம் குடைந்து குடைந்து கேட்டவள், பக்கத்தில் படுத்திருக்கிறவனைக் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் லட்சத்தீவுக்காரருக்குப் போன் செய்து, வரவில்லை, மன்னியுங்கள் என்றாள். அவர் ரொம்ப நல்ல மனிதர், காரணம் கேட்கவில்லை.

கிறிஸ்டோபர், நானும் கூடவே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நல்ல வெயில் நேரம், ஐந்து மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, கையை விடக் கூடாது, இந்த மூன்றுக்கும் சம்மதித்த பிறகுதான் மால்வணில் படகு பேசினார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயிலில் படகு கிளம்பியது. முந்தின இரண்டு நாள் காற்று அடித்திருந்தது. கடல் பழுப்பும் பச்சையுமாகக் கிடந்தது. இன்றைக்குத் தண்ணீர் சரியில்லை அக்கா, நாளைக்கு வந்தால் கொஞ்சம் தெளியும் என்று படகோட்டி மராத்தியில் சொன்னார். பார்கவி ஒன்பது வருடமாக ஒரு படகோட்டியாவது உண்மை பேச மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறாள். வாய்த்தது இன்றைக்கு. பரவாயில்லை அண்ணா, இதுவே போதும் என்றாள்.

மூன்று பேரும் இறங்கினார்கள், கிறிஸ்டோபர் பின்னால். மூன்று மீட்டர்கூடத் தெரியவில்லை, ஒன்றரை இருக்கும். மேலிருந்து வெளிச்சம் மோர் கலரில் இறங்கியது. நிர்மலின் மணிக்கட்டை அவள் இறுகப் பிடித்திருந்தாள். ஒரு பாறையின் ஓரம் தெரிந்து மறைந்தது. ஏதோ ஒரு மீன் மூக்குக்கு நேரே வந்து, அதுவும் பயந்து, ஓடிவிட்டது. நிர்மலின் மூச்சு சீராக இருந்தது, குமிழிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டது.

திடீரென்று ஓர் அலை அடியோடு இழுத்தது. மணல் கிளம்பிக் கண்முன் மூடியது. அவள் கை நழுவிவிட்டது. நொடிதான், பிடிக்கப் போனால் அங்கே மணிக்கட்டு இல்லை. திரும்பினாள், பழுப்பு. இந்தப் பக்கம் திரும்பினாள், பழுப்பு. மேலே எது, கீழே எது என்றே தெரியவில்லை. சுற்றிச் சுற்றித் துழாவினாள். அவன் பயந்திருப்பான், தனியாக இருப்பான், நான் விட்டுவிட்டேன், நான்தான் விட்டுவிட்டேன் என்று மனசு கத்தியது. அப்போது சிலிண்டரைக் கட்டியிருந்த அவள் தோள் வாரை ஒரு கை பிடித்தது. பிடித்து, வார் வழியாக இறங்கி, முழங்கையைத் தடவி, விரல்களைக் கோத்துக்கொண்டது. நிர்மல் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஆறு மாதமாகச் சுவரையும் கதவையும் தடவித் தடவிப் பழகிய கை, அவளை அவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்துவிட்டது.

பார்கவி மாஸ்க்குக்குள் அழுதாள். அவன் நாட்கள் எப்படி இருக்கின்றன என்பதை அந்த அரை நிமிடத்தில் அவள் அறிந்துகொண்டாள். அவளுக்கு அரை நிமிடம், அவனுக்கு இனி ஆயுசு முழுக்க.

படகில் ஏறி உட்கார்ந்ததும் நிர்மல்தான் முதலில் பேசினான்.

"என்ன பாத்த?"

"ஒண்ணியும் தெரியல."

"எனக்குந்தான்" என்று சொல்லிச் சிரித்தான். ஜூனுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது. கிறிஸ்டோபர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். படகு கரையைப் பார்த்துத் திரும்பியது. கொஞ்ச நேரம் மூன்று பேரும் வெயிலில் குளிர் காய்ந்தார்கள்.

"அந்த லட்சத்தீவுக்கு அடுத்த வருஷம் நீ போயிட்டு வா" என்றான் நிர்மல்.

அவள் சிரிப்பு நின்றது. நீ இல்லாமல் நான் எங்கேயும் போக மாட்டேன் என்றாள்.

"போகோணும். யாராச்சும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லோணுமில்ல. அந்த ஆமை என்ன நிறம்னே எனக்குச் சரியாத் தெரியல, அந்த வீடியோவுல."

பார்கவி, ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்கூட இல்லாமல் அழுதாள். நிர்மல் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது, இரண்டு பேருக்கும் நடுவில் பலகையின் மேல் அவன் கை நகர்ந்து வந்தது. அவள் கைக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்று, வெறும் பலகையைத் தடவியது. அவள் தன் கையைக் கொண்டுபோய் அதன் அடியில் வைத்தாள்.